நாடி சொன்ன கணக்கு: டெங்குவுக்குப் பின் டிரையத்லான் பயிற்சி

2024 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிவிட்டு வீடு திரும்பியபோது இரு கண்களுக்கும் பின்னால் ஒரு வலி இருந்தது. வெயிலில் தண்ணீர் போதாமல் போயிருக்கும் என்று எண்ணி, உப்புப் போட்ட மோரைக் குடித்துவிட்டுப் படுத்தேன். மாலை ஐந்து மணிக்குத் தெர்மாமீட்டர் 102 காட்டியது. கோவாவில் நடக்கவிருந்த அயர்ன்மேன் 70.3 போட்டிக்குச் சரியாக ஆறு வாரங்கள் இருந்தன. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் என்ற அந்த மூன்றுக்காகவும் எட்டு மாதங்களாக விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து பழகியிருந்த எனக்கு, அன்று மாலை கட்டிலிலிருந்து குளியலறைக்கு நடப்பதே பெரும்பாடாக இருந்தது.

மூன்றாம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. ஓட்டக்காரர்கள் பலரைப் போல நானும் உடல்வலி என்றால் ஐபுபுரூஃபனை எடுக்கும் பழக்கம் உள்ளவள். டெங்குவில் அது ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் பாராசிட்டமால் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்று அம்மா மாத்திரைப் பெட்டியையே எடுத்து ஒளித்து வைத்தார். அவர் அரசு மருத்துவமனையில் முப்பத்தொரு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தாம் நாள் என்னை மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆறாம் நாள் காய்ச்சல் முழுமையாக விட்டது. நான் மகிழ்ந்துபோய் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டபோது, டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது என்றார் மருத்துவர். அடுத்த ஒன்றிரண்டு நாட்களில்தான் ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து நீர்ப்பகுதி வெளியே கசியக்கூடும், ரத்தம் கெட்டிப்படும், தட்டணுக்கள் இறங்கும். எனக்கு மறுநாள் 38,000-க்கு இறங்கின. சொட்டு மருந்துக் குழாயோடும் மணிக்கொரு தரம் ரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியரோடும் அந்த இரண்டு நாட்கள் கழிந்தன. 23-ஆம் தேதி வீடு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் என்னை ஏமாற்றிய ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். நோய்க்கு முன்பு காலையில் எழுந்தவுடன் என் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 52 இருக்கும். நோயிலிருந்து எழுந்த அந்த வாரத்தில் கைக்கடிகாரம் 46 காட்டியது. இதயத் துடிப்பு குறைவாக இருந்தால் உடல் நல்ல பயிற்சியில் இருக்கிறது என்றே விளையாட்டில் இருக்கும் நாங்கள் கற்றிருக்கிறோம். ஆகவே ஒன்பது நாள் படுக்கைக்குப் பிறகும் என் இதயம் எதையும் இழக்கவில்லை என்று நம்பிவிட்டேன். டெங்குவிலிருந்து மீளும் நாட்களில் துடிப்பு இப்படிக் குறைவது பலருக்கும் நடப்பதுதான், அது நோய் விட்டுப்போகும் வழியில் காட்டும் ஓர் அடையாளம் என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். இரண்டு வாரத்தில் அது 46-லிருந்து 66-க்கு ஏறியது. உண்மையான நிலைமை அதுதான்.

அக்டோபர் 8-ஆம் தேதி மறுபரிசோதனை. தட்டணுக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தன. கல்லீரல் நொதிகள் மட்டும் சற்றே கூடுதலாக இருந்தன. இசிஜி சீராக இருந்தது. வைரஸ் காய்ச்சல்கள் சில வேளைகளில் இதயத் தசையையும் தாக்கக்கூடும் என்பதால், நீண்ட தூர விளையாட்டுக்குத் திரும்ப நினைப்பவர்கள் இசிஜி எடுக்காமல் ஓடக் கூடாது என்பதை அன்றுதான் அறிந்தேன்; காய்ச்சலுக்குப் பின் மார்பில் வலியோ படபடப்போ மயக்கமோ இருந்தால் பயிற்சியை நினைத்தே பார்க்கக் கூடாது. எனக்கு அவை எதுவும் இல்லை. “மெதுவா ஆரம்பிங்க” என்று சொல்லி அனுப்பினார் மருத்துவர். மெதுவாக என்ற சொல்லுக்கு ஓர் அளவு உண்டு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மணிக்கு 28 கிலோமீட்டர் ஓட்டியவளுக்கு 22 என்பதே மெதுவுதான் என்று கணக்குப் போட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை, அம்மா எழுவதற்கு முன்பே திருவான்மியூரிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரம் அது. தெற்கு நோக்கிப் போகும்போது வாடைக்காற்று முதுகைத் தள்ளிக்கொண்டே வந்தது. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டிச் சுங்கச்சாவடி என்று ஒவ்வொன்றாகக் கடந்து முட்டுக்காடு பாலத்தை அடைந்தபோது எனக்குக் களைப்பே இல்லை. பாலத்தின் மேல் நின்று கழிமுகத்தைப் பார்த்தபடி, ஒரு வாரத்தில் கோவாவுக்கே போய்விடலாமோ என்றுகூட நினைத்தேன். சைக்கிளைத் திருப்பிய மறு நிமிடமே காற்று முகத்தில் அறைந்தது. கானாத்தூர் வருவதற்குள் வேகம் மணிக்குப் பதினாறாக இறங்கியிருந்தது. இதயத் துடிப்போ 168. காதுக்குள் ரத்தம் அடிப்பது கேட்டது. சாலையோரத் தேநீர்க் கடையின் பெஞ்சில் அமர்ந்து பத்து நிமிடம் ஆன பிறகும் துடிப்பு 118-க்குக் கீழே இறங்கவில்லை. விரல் நுனிகள் நடுங்கியதால் தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்த கடைக்காரர் எதுவும் கேட்காமல், தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்த குட்டியானை ஓட்டுநரை அழைத்து, “அக்காவைத் திருவான்மியூர்ல இறக்கி விட்டுட்டுப் போப்பா” என்றார். காலி கேன்களுக்கு நடுவே என் சைக்கிள் படுத்திருக்க, வீடு வந்து சேர்ந்தேன். அடுத்த நான்கு நாட்கள் எழுந்து நிற்க முடியாத அசதி. அம்மா திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அந்தக் காலை நான் அவசரப்பட்டதற்குக் காற்று மட்டும் காரணமில்லை. நான் நோயில் கிடந்தபோது நண்பர்கள் எனக்கு ஊக்கமூட்ட அனுப்பிய கதைகளில் ஒன்று பிரிட்டன் டிரையத்லான் வீராங்கனை கிறிஸ்ஸி வெல்லிங்டனுடையது. 2007, 2008, 2009 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஹவாய் அயர்ன்மேன் உலகப் போட்டியை வென்ற அவர், 2010-இல் உடல்நலம் சரியில்லாமல் போட்டி நாள் காலையில் விலகினார். அடுத்த மாதமே அரிசோனாவில் வென்றார். 2011-இல் ஹவாய்க்குத் திரும்பி நான்காம் முறையும் வென்றார். அவரை மனமார மதிக்கிறேன். ஆனால், நோயுற்றவருக்கு இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதன் பின்பாதியை மட்டுமே சொல்கிறார்கள். எனக்குப் படிப்பினையாக இருந்திருக்க வேண்டியது அரிசோனா வெற்றி அல்ல. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, பட்டத்தைக் காக்க வந்த ஒருவர் அன்று காலை “இன்று முடியாது” என்று கரையில் நின்றுகொண்டாரே, அந்த முடிவு. 27-ஆம் தேதி என் குழுவினர் ஆறு பேர் மிராமார் கடற்கரையில் நீரில் இறங்கியபோது, நான் கைப்பேசியில் அவர்களுடைய நேரங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஐந்து பேர் முடித்தார்கள். அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். ஒவ்வொரு நாளும் காலையில் நான் கட்டிலை விட்டு இறங்கும் முன் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுவார். அன்றைக்குப் பயிற்சி உண்டா இல்லையா என்பதை அந்த எண் தீர்மானிக்கும். கைக்கடிகாரமே காட்டுமே என்றதற்கு, “அது எண்ணும், பாப்பா. எப்படி அடிக்குதுன்னு சொல்லாது” என்றார். நாடி நிரம்பி அடிக்கிறதா, நூல்போல் ஓடுகிறதா, விட்டுவிட்டு அடிக்கிறதா என்பதை அவருடைய மூன்று விரல்களும் அறியும். எண்ணியதைத் தினசரி காலண்டர் தாளில், ராகு காலமும் எமகண்டமும் அச்சிட்ட கட்டத்துக்குப் பக்கத்தில் நீல மையால் எழுதி வைத்தார். வழக்கமாகக் கிழித்துப் போடும் அந்தத் தாள்களை அன்று முதல் ஒரு கிளிப்பில் சேர்த்து மாட்டினார். வாரச் சராசரியைவிட ஐந்து கூடினால் நடை மட்டும். எட்டு கூடினால் அதுவும் இல்லை. இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

பயிற்சியின்போது எத்தனை துடிப்பு வரை போகலாம் என்பதற்கு நான் எடுத்துக்கொண்டது அமெரிக்கப் பயிற்சியாளர் பிலிப் மாஃபெடோனின் வாய்ப்பாடு. 180-லிருந்து வயதைக் கழிக்க வேண்டும். பெரிய நோயிலிருந்தோ மருத்துவமனைப் படுக்கையிலிருந்தோ மீள்பவர் மேலும் பத்தைக் கழிக்க வேண்டும். எனக்கு வயது 41, ஆக 129. ஹவாய் அயர்ன்மேனை ஆறு முறை வென்ற மார்க் ஆலன் இவருடைய முறையில் பயிற்சி எடுத்தவர். எல்லாருடைய இதயத்தையும் ஒரே கழித்தல் கணக்கில் அடைத்துவிட முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும் நோயிலிருந்து திரும்பும் ஒருவருக்கு இதைவிட நல்ல வேலி எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இது நம் மனநிலையைக் கேட்பதில்லை. முதல் நாள் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் வேகமாக நடந்தபோதே துடிப்பு 129-ஐத் தொட்டுவிட்டது. அன்றைய ‘ஓட்டம்’ முழுவதும் நடையாகவே முடிந்தது. ஒரு கிலோமீட்டருக்குப் பத்தரை நிமிடம்.

என்ன இழந்தேன், அது திரும்புமா என்ற கேள்வி அந்த நாட்களில் என்னைத் தூங்கவிடவில்லை. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தது அப்போதுதான். இருபது வயதுடைய ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். உடல் உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு அந்த மூன்று வாரத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. அதே இளைஞர்கள் எட்டு வாரப் பயிற்சியில் இழந்ததை மீட்டதோடு பழைய அளவையும் தாண்டினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களை மறுபடி அளந்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் செய்திருந்தது தெரியவந்தது. இதன் முற்பாதி என்னை அச்சுறுத்தியது. பிற்பாதி என்னை எழுப்பி உட்கார வைத்தது. படுக்கையில் முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. ரத்தத்தின் கொள்ளளவு குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தமும் குறையும்; அதே வேலையைச் செய்ய அது கூடுதல் முறை துடிக்க வேண்டியிருக்கும்; வியர்த்துக் குளிர்வதும் சிரமமாகும். கானாத்தூர் பெஞ்சில் எனக்கு நடந்தது அதுதான். பயிற்சி தொடங்கினால் முதலில் திரும்புவதும் அந்த நீர்ப்பகுதிதான். பல ஆண்டுகள் பயிற்சி செய்தவர்களின் தசைக்குள் வளர்ந்த நுண்ணிய ரத்தக் குழாய்கள் சில வாரச் சும்மாயிருப்பில் மறைந்துவிடுவதில்லை.

மூன்றில் எதை முதலில் தொடங்குவது என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. நீரில் உடல் கிடைமட்டமாக மிதப்பதால் கால்களில் ரத்தம் தேங்குவதில்லை; இதயத்துக்குச் சுலபமாகத் திரும்புகிறது; சூடும் ஏறுவதில்லை. நவம்பர் முதல் வாரம் வேளச்சேரியில் உள்ள 50 மீட்டர் குளத்துக்குப் போனேன். மழை விட்டிருந்த காலை அது. தண்ணீரின் மேற்பரப்பில் ஓரிரண்டு வாதாம் இலைகள் மிதந்துகொண்டிருந்தன. முன்பு நூறு மீட்டரை இரண்டு நிமிடம் பத்து விநாடியில் நீந்துவேன். அன்று ஐம்பது மீட்டரைத் தொட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு பதினைந்து மூச்சு எண்ண வேண்டியிருந்தது. கைகளில் வலு இருந்தது. நீருக்குள் மூச்சை முழுமையாக வெளியே விடும் பொறுமைதான் போயிருந்தது. பாதி மூச்சை உள்ளே வைத்துக்கொண்டே அடுத்த மூச்சை இழுத்ததால் மார்பு அடைத்தது. நான்காவது ஐம்பதை முடித்தபோது எனக்குச் சற்றே பழகிவிட்டது போலிருந்தது. இன்னும் நான்கு போகலாம் என்று நினைத்தேன். அதற்குள் நீச்சல் மாஸ்டர் கரையில் குனிந்து, “போதும்மா, ஏறுங்க. நல்லா இருக்கும்போதே ஏறிடணும்” என்றார். இருநூறு மீட்டருக்காக ஒரு மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தேன். ஏறினேன். இந்தத் திரும்புதலில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான்: களைப்பதற்கு முன்பே, உடல் இன்னும் கேட்கும்போதே, நிறுத்திவிட்டு வருவது.

சைக்கிளைச் சாலைக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே பின்சக்கரத்தை டிரெய்னர் என்ற நிலைத்தாங்கியில் மாட்டி, நின்ற இடத்திலேயே ஓட்டினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மயக்கம் வந்தால் பின்னால் வரும் பேருந்துக்குத் தெரியாது. வீட்டில் மயக்கம் வந்தால் இறங்கிவிடலாம். முதல் வாரம் இருபது நிமிடம், இலகுவான கியர், இரண்டு நாள். இரண்டாம் வாரம் இருபத்தைந்து. இது பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

ஓட்டத்தைத்தான் கடைசியில் தொட்டேன். இதயமும் ரத்தமும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாண்களும் கணைக்கால் எலும்பின் ஓரமும் அவ்வளவு விரைவாகத் தேறுவதில்லை. ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமை காலில் இறங்குகிறது. மூச்சு வாங்காமல் ஓட முடிகிறது என்பதற்காகத் தூரத்தைக் கூட்டியவர்கள், காய்ச்சலிலிருந்து தப்பித்துக் குதிநாண் வலியில் மாட்டிக்கொண்டதை எங்கள் குழுவிலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, ஐந்து முறை. அடுத்த வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. இடையில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது சென்னையில் குளமும் சாலையும் எல்லாமே நீராக இருந்ததால், நான்கு நாட்கள் எதுவும் செய்யவில்லை. ஐந்தாம் நாள் அம்மா எண்ணியபோது 58. அவர் எண்ணத் தொடங்கிய பிறகு அதுவரை பார்த்த மிகக் குறைந்த எண் அதுதான். ஓய்வும் பயிற்சியில் ஒரு பகுதி என்று பலமுறை படித்திருக்கிறேன். அந்தத் தாளில் நீல மையில் அதைக் கண்ட பிறகே நம்பினேன்.

எல்லா எண்களும் இப்படி நேராகப் பேசவில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏழு நாட்கள் அம்மா பயிற்சி வேண்டாம் என்று நிறுத்தினார். அவற்றில் இரண்டு முறை அன்று மாலையே தொண்டை கரகரத்துச் சளி பிடித்தது. ஒரு முறை முந்தைய இரவு சரியாகத் தூங்கவில்லை. மற்ற நான்கு நாட்களுக்குக் காரணமே தெரியவில்லை. உடம்பு நன்றாகவே இருந்தது. அந்த நான்கு நாட்களையும் வீணென்று நான் கருதவில்லை. ஒரு நாள் சும்மா இருந்ததால் யாருடைய பயிற்சியும் கெட்டதில்லை. ஒரு நாள் பொறுக்காமல் போனதால் நான் இழந்தது ஒரு முழு வாரம்.

ஜனவரியில் வேறொன்று தொடங்கியது. நீச்சல் தொப்பியைக் கழற்றும்போது உள்பக்கத்தில் முடி கொத்தாக ஒட்டியிருந்தது. சீப்பில், தலையணையில், குளியலறைச் சல்லடையில் எங்கும் முடி. நோய் திரும்பிவிட்டதோ, பயிற்சியைக் கூட்டியதால்தானோ என்று கலங்கினேன். கடுங்காய்ச்சலின் அதிர்ச்சியில் ஒரே நேரத்தில் வளர்ச்சியை நிறுத்திவிடும் முடிகள் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிர்வதுதான் இது, வேர் சாகவில்லை, வளர்ந்துவிடும் என்று தோல் மருத்துவர் சொன்னார். பெண்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் எண்ணெய் தேய்த்துவிட்டார். அந்த விரல்கள் தலையில் இருக்கும்போது நான் எதைப் பற்றியும் கவலைப்படவில்லை.

பிப்ரவரி இறுதியில் அதே 129 துடிப்பில் ஒரு கிலோமீட்டரை ஏழு நிமிடம் நாற்பது விநாடியில் ஓட முடிந்தது. நோய்க்கு முன்பிருந்த வேகத்துக்கு அது இன்னும் தொலைவுதான். நடையாகத் தொடங்கிய பத்தரை நிமிடத்திலிருந்து அது வந்த தூரத்தை நான் அறிவேன். சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் ஓடும் பிரிக் பயிற்சியை இருபது நிமிடமும் பத்து நிமிடமுமாகத் தொடங்கியிருக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் கால்கள் மரக்கட்டையாக இருக்கும் அந்தப் பழைய உணர்வு திரும்பி வந்தபோது, நெடுநாள் பிரிந்திருந்த ஒருவரைத் தெருமுனையில் கண்டது போலிருந்தது.

மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை, அம்மாவிடம் சொல்லிவிட்டு முட்டுக்காடு வரை போய் வந்தேன். பாலத்தில் திரும்பியதும் கடிகாரத்தைப் பார்த்தேன், 126. கானாத்தூர்க் கடையில் இறங்கித் தேநீர் வாங்கியபோது கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, “இன்னைக்கு வண்டி வேணாமாக்கா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கோப்பையை ஒரு கையால்தான் பிடித்திருந்தேன். மறுநாள் காலைத் தாளில் அம்மா 55 என்று எழுதி, பக்கத்தில் ‘குளம், 1,000 மீ.’ என்று அனுமதியும் எழுதியிருந்தார். 1,200 கேட்டிருந்தேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.